தண்ணீருக்குச் சாதி இல்லை, தரைக்கு இருக்கிறது

பாகூர் கொம்யூனில் உள்ள எங்கள் காலனி வீட்டை அப்பா 1999இல் கட்டினார். பாதி அரசு மானியம். மீதி, அப்பாவும் அம்மாவும் நடவு, அறுப்பு, சித்தாள் வேலை என்று போய்ச் சேர்த்த கூலியும் வட்டிக் கடனும். அப்போது எனக்கு ஆறு வயது. தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன்பிருந்த கூரை வீட்டுக்குப் படியே கிடையாது. மழை பெய்தால் தண்ணீரும் தவளையும் தாமாகவே உள்ளே வரும். அதனால் அந்த மூன்று படிகள்மீது எங்களுக்கு அவ்வளவு பெருமை. சாயங்காலம் அம்மாவும் ஆயாவும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததும் அதில்தான்.

இன்று ஊருக்குப் போனால் தெருவிலிருந்து ஒரு படி கீழே இறங்கி வீட்டுக்குள் போகிறேன். வீடு புதையவில்லை, தெரு உயர்ந்துவிட்டது. முதலில் மண் தெருவில் கிராவல் கொட்டினார்கள். பிறகு ஜல்லி போட்டுத் தார் ஊற்றினார்கள். சில ஆண்டுகள் கழித்து, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு தார். கடைசியாக எல்லாவற்றுக்கும் மேலே சிமென்ட் சாலை. ஒவ்வொரு முறையும் ஒரு படி காணாமல் போனது. ஒவ்வொரு முறையும் நாங்கள் “நம்ம தெருவுக்கும் ரோடு வந்துடுச்சு” என்று சந்தோஷப்பட்டோம்.

வெள்ளத்தில் வீட்டின் பேஸ்மென்ட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று ஆங்கிலத்தில் தேடினால் நூறு யோசனைகள் கிடைக்கும். பம்ப் வையுங்கள், சுவருக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடியுங்கள், காப்பீடு எடுங்கள் என்பார்கள். அவர்களுக்கு பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் அறை. நம்மூர் கொத்தனாரைக் கேட்டால் பேஸ்மட்டம் என்பது தரைக்கு மேலே எழுப்பும் மேடை. அதே சொல்தான், நம் ஊருக்கு வந்து தலைகீழாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு நடந்ததை இந்த இரண்டு அர்த்தங்களை வைத்தே சொல்லிவிடலாம். 26 ஆண்டுகளில் அது தமிழ்ப் பேஸ்மட்டத்திலிருந்து ஆங்கில பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிட்டது.

ஃபெஞ்சல் இரவு

2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்று செய்தியில் சொன்னார்களே தவிர, மழை கடந்து போகவில்லை. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. அதற்கு முன்பு 2004 அக்டோபர் 31இல் பெய்த 21 சென்டிமீட்டர்தான் பெரிய மழையாகப் பேசப்பட்டது. அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். வீட்டின் பேஸ்மட்டம் சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பெய்த மழையே 48. தண்ணீர் வடிய வழியில்லாத இடத்தில், விதிப்படி கட்டிய வீட்டுக்குள்ளும் தண்ணீர் நுழைந்திருக்கும். எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்ந்த வீடு.

வெள்ளம் வாசல் வழியாக வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் வந்தது கக்கூஸ் வழியாக. செப்டிக் டேங்க் நிரம்பி, கோப்பையிலிருந்து பொங்கியது. அடுத்து சுவரும் தரையும் சேரும் மூலைகளில் ஊறியது. வாசல் வழியாக வந்தது மூன்றாவதாகத்தான். அம்மா முதல் வேலையாக மெயின் சுவிட்சை நிறுத்தினார். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, கட்டில்மேல் அரிசி மூட்டை, அதன்மேல் டிவி. கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினோம். ஃபிரிட்ஜைத் தூக்க முடியவில்லை.

பரணிலிருந்து அம்மா ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ரேஷன் அட்டை, பட்டா, ஆதார், என் மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ். நகையோ பணமோ அதில் இல்லை. நாங்கள் யார், எங்கே இருக்கிறோம் என்பதை அரசுக்கு நிரூபிக்கும் காகிதங்கள் நனைந்தால் திரும்ப வாங்குவதற்கு எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். என் கள ஆய்வு நோட்டுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. எந்தக் காலனிக்கு எந்த நிலம் எப்படிக் கிடைத்தது என்று முதியவர்கள் சொன்னவற்றை எழுதி வைத்த நோட்டுகள். நான்கு நோட்டுகளில் மை கரைந்துவிட்டது. இரண்டு வருட வேலை.

மழை நின்ற பிறகும் தண்ணீர் குறையவில்லை. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டது. ஆறு நிறைந்து ஓடியபோது எங்கள் வடிகால் வாய்க்கால் போய்ச் சேர இடமில்லாமல் பின்வாங்கியது. வில்லியனூர் பக்கம் இதே கதையை வீடூர் அணையும் சங்கராபரணி ஆறும் எழுதின.

ஊர்த் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தண்ணீர் வடிந்துவிட்டது. எங்கள் தெருவில் வியாழக்கிழமை வரை நின்றது. இரண்டுக்கும் இடையே அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. கக்கூஸ் மூழ்கிய வீடுகளில் பெண்கள் அந்த ஐந்து நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்பதை எந்தச் சேதக் கணக்கெடுப்பும் கேட்கவில்லை. இருட்டும் வரை காத்திருந்தோம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். மாதவிடாய் நாட்களில் இருந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் மேட்டு வீடுகளைத் தேடிப் போனார்கள்.

பள்ளம் யாருக்கு ஒதுக்கப்பட்டது?

“வெள்ளத்துக்கு என்ன சாதி? எல்லோர் வீட்டிலும்தானே தண்ணீர் வந்தது?” என்று பல்கலைக்கழக நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர். புதுச்சேரி நகரத்தில் அவர் வீட்டிலும் தண்ணீர் வந்தது. அவருடைய கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும். அது இயற்கை. அந்தப் பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை இயற்கை முடிவு செய்வதில்லை. இந்தியக் கிராமத்தின் எழுதப்படாத சட்டத்தை அம்பேத்கர் விவரிக்கும்போது, தீண்டப்படாதவர்கள் ஊருக்கு வெளியே, அதுவும் அமங்கலமாகக் கருதப்பட்ட தெற்குத் திசையில் குடியிருக்க வேண்டும் என்பதையும், ஓட்டு வீடு கட்டுவதே அவர்களுக்குக் குற்றம் என்பதையும் அந்தச் சட்டத்தின் விதிகளாகப் பட்டியலிடுகிறார். எங்கே இருக்க வேண்டும், எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் சாதி தீர்மானித்தது என்று நான் இதைப் படிக்கிறேன்.

எங்கள் பகுதி ஏரிப் பாசனப் பகுதி. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரியிலிருந்து வயல்களுக்குப் போகிறது. வயலிலிருந்து வடியும் உபரி நீர் எங்கே போகும்? கள ஆய்வில் நான் பார்த்த பல கிராமங்களில் கோயிலும் ஊர்த் தெருக்களும் மேட்டு நத்தத்தில் இருக்கின்றன. நடுவில் வயல். வயலைத் தாண்டி, வடிகாலின் வாலில், சேரி. அந்த வயலில் நாற்று நட்டவர்கள், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள், மதகைத் திறந்து மூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நீரின் போக்கை நன்றாக அறிந்தவர்களுக்கு அந்த நீர் வந்து தேங்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த மனைப் பட்டாக்கள் இதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. காலனிக்காக நிலம் எடுக்கும்போது எந்த மிராசுதாரும் நல்ல மேட்டு நிலத்தைக் கொடுத்ததாக முதியவர்கள் எவரும் என்னிடம் சொல்லவில்லை. விளைச்சல் இல்லாத, தண்ணீர் நிற்கும் நஞ்சையின் ஓரம்தான் மலிவாகக் கிடைத்தது. அந்தப் பள்ளத்தை மேடாக்காமலே மனை பிரித்துக் கையில் பட்டா கொடுத்தார்கள். வீட்டுக்கு மானியம் வந்தது, வீடு நிற்கும் தரைக்கு வரவில்லை.

மழையின் மேல் பழி போடுவது எப்போதும் சுலபம். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான ஒரு சுற்றுச்சுவர் இடிந்து தலித் குடியிருப்பின்மேல் விழுந்து 17 பேர் இறந்தபோதும் கனமழை என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்தச் சுவரை எழுப்பியது மழையா?

ஒருவர் ஏறினால் ஒருவர் மூழ்குவார்

வெள்ளம் வடிந்த பிறகு அப்பா கொத்தனாரைக் கூட்டி வந்தார். உள்தரையை இரண்டடி உயர்த்தலாம் என்றார் கொத்தனார். உயர்த்தினால் கதவின் உயரம் நாலரை அடியாகிவிடும். நிலையை மாற்ற லிண்டலை உடைக்க வேண்டும். பழைய கான்கிரீட், தாங்காது. அப்படியே விட்டால் உள்ளே போகும்போதெல்லாம் குனிய வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஊர்ல குனிஞ்சது போதும்மா. என் ஊட்டுக்குள்ளயும் குனியணுமா?” என்றார்.

இன்னொரு வழி, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. சென்னையில் பலர் செய்கிறார்கள். எங்கள் வீட்டின் மதிப்பைவிடத் தூக்கும் செலவு அதிகம். மூன்றாவது வழி, வாசலில் தடுப்புச் சுவர் கட்டி, மனையைச் சுற்றி மண் அடித்து மேடாக்குவது. என் ஆய்வு உதவித்தொகையின் நிலுவை மொத்தமாக வந்திருந்தது. அதை வைத்து இதைச் செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

தடுத்தது அம்மா. “நம்ம மனைய ஒசத்துனா அந்தத் தண்ணி எங்க போவும்? பின்னால சித்தி ஊட்டுக்குத்தான் போவும்” என்றார். சித்தி தனியாக இருக்கிறார். அவர் வீடு இன்னும் கூரைதான்.

பல வருடங்களாக நான் படித்த கோட்பாடுகளைவிட அம்மாவின் இந்த ஒரு கேள்வி எனக்கு அதிகம் புரியவைத்தது. உயரம் தனியாக இருப்பதில்லை. இன்னொருவரின் தாழ்வை வைத்துத்தான் அது உயரம். ஊர்த் தெரு உயர்ந்தபோது எங்களுக்குத் தண்ணீர் வந்தது. காலனியிலேயே அரசு வேலையில் இருப்பவர்கள் மண் அடித்துக் கட்டியபோது அடுத்த வரிசைக்கு வந்தது. நாங்கள் உயர்த்தினால் சித்திக்குப் போகும். சாதியை அம்பேத்கர் படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவர் இருப்பதால் எல்லோரும் சேர்ந்து அதை எதிர்ப்பது கடினமாகிறது என்றார். ‘உன் வீட்டை நீ காப்பாற்றிக்கொள்’ என்ற அறிவுரையும் அதே வேலையைச் செய்கிறது. பணம் உள்ளவர் தண்ணீரைத் தள்ளிவிடுவார். தள்ள முடியாத கடைசி வீட்டில் அது தேங்கும்.

இது நம் ஊரின் தனிக்கதையும் இல்லை. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மழையில் நியூயார்க் நகரத்தில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள், பெரும்பாலும் குறைந்த வருமானமுள்ள குடியேறிகள். 2022 ஆகஸ்டில் சியோலில் பாதி தரைக்குக் கீழே இருக்கும் ‘பன்ஜிஹா’ வீடொன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். ‘பாரசைட்’ படத்தில் நாம் பார்த்த அதே வகை வீடு. நியூயார்க்கில் வாடகையும் குடியேற்ற நிலையும் ஒருவரைத் தரைக்குக் கீழே அனுப்புகின்றன. இங்கே பிறப்பு அனுப்புகிறது. அங்கே வாடகை கட்ட முடிந்தால் மேல் மாடிக்குப் போகலாம். இங்கே பணம் இருந்தாலும் ஊர்த் தெருவில் ஒரு மனை விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

நிவாரணம் எதை அளக்கிறது?

ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் அட்டைகளுக்கும் 5,000 ரூபாய் அறிவித்தது. தமிழ்நாடு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. 5,000 ரூபாய் எங்களுக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அரை நாள் தண்ணீர் நின்ற வீட்டுக்கும் ஐந்து நாள் நின்ற வீட்டுக்கும் அதே தொகை. சமமில்லாத தரையில் சமமாகக் கொடுப்பது சமத்துவமாகாது.

பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் அறிவித்தார்கள். விவசாயிக்கு அது தேவை. அந்த வயலில் களை எடுக்கவும் அறுக்கவும் போக வேண்டியவர்களுக்கு? நெல் அழுகியபோது அம்மாவின் ஒரு பருவக் கூலியும் சேர்ந்தே அழுகியது. அதற்கு ஹெக்டேர் கணக்கு இல்லாததால் இழப்பீடும் இல்லை. பட்டா வைத்திருப்பவரின் இழப்பு மட்டுமே இழப்பு என்ற விதி, நிலமற்றவர்களில் தலித்துகளே அதிகம் இருக்கும் ஊரில் யாரை விட்டுவிடும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? வேறு ஊர் வாசகர்களுக்கு ஒரு தகவல். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. வில்லியனூர், பாகூர் உட்படப் புதுச்சேரி மாவட்டத்தின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள். 73ஆவது அரசமைப்புத் திருத்தம் உறுதி செய்த பட்டியல் சாதி இட ஒதுக்கீடும் பெண்கள் இட ஒதுக்கீடும் இங்கே காகிதத்தில் தூங்குகின்றன. எங்கள் காலனியிலிருந்து ஒரு பெண் வார்டு உறுப்பினராக இருந்திருந்தால், சிமென்ட் சாலை போட வந்த அன்றே “பழையதைச் சுரண்டிட்டுப் போடு” என்று குறுக்கே நின்றிருப்பார். நாங்களும் ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தோம். சாலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். தண்ணீர் வடிந்த பிறகு மீண்டும் போனோம். கிடைத்தது பிளீச்சிங் பவுடர்.

கேட்க வேண்டியவை

கோரிக்கைகள் பெரியவையல்ல. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார். அதைக் காலனித் தெருக்களில் கட்டாயமாக்கிக் கண்காணிக்க வேண்டும். புதிய மனைப் பட்டா கொடுக்கும்போது, இதுவரை வந்த மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேலே மனைப்பிரிவு முழுவதையும் உயர்த்தி, வடிகால் அமைத்த பிறகே கொடுக்க வேண்டும். பழைய காலனிகளில் வீடு வீடாக மண் அடிக்க விடாமல், தெரு முழுவதற்கும் சேர்த்து வடிகாலும் தேவையான இடத்தில் தரை உயர்த்தலும் செய்ய வேண்டும். இதற்குப் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதியைப் பயன்படுத்தலாம். நிவாரணத்தைத் தண்ணீர் நின்ற உயரத்தையும் நாட்களையும் வைத்துக் கணக்கிட வேண்டும். இழந்த கூலியையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளாட்சித் தேர்தலை நடத்த வேண்டும்.

அரசு அளக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப். இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கடந்த மே மாதம் அப்பா, கொத்தனார், காலனிப் பிள்ளைகள் நான்கு பேர், நான் என்று சேர்ந்து கோயில் தெருவிலிருந்து எங்கள் வாசல் வரை ஐம்பது அடி ஐம்பது அடியாக அளந்துகொண்டே வந்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வித்தியாசத்தை நோட்டில் எழுதினேன். மொத்தத்தையும் கூட்டி எங்கள் வீட்டு வெளிச்சுவரில் குறித்தபோது கோயில் தெருவின் தரை என் இடுப்புக்கு வந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு.

ஒரு நாள் வேலை, ஒரு டியூப், ஒரு நோட்டு. இதைப் படிக்கும் தோழர்கள் உங்கள் ஊரில் இதைச் செய்து பாருங்கள். ஊர்த் தெருவின் மட்டத்தையும் காலனித் தெருவின் மட்டத்தையும் எழுதி வைத்து, அந்தக் காகிதத்தோடு மனு கொடுங்கள். ‘எல்லோர் வீட்டிலும்தானே தண்ணீர் வந்தது’ என்று சொல்பவரிடம் அதைக் காட்டுங்கள்.

மண் அடிக்கும் யோசனையை நாங்கள் கைவிட்டுவிட்டோம். உதவித்தொகையில் ஒரு பகுதியை எடுத்து, சித்தி வீட்டையும் சேர்த்து எங்கள் வரிசையின் பின்புறம் அடைந்துகிடந்த வடிகாலைத் தெருக்காரர்களோடு சேர்ந்து தூர்வாரினோம். எங்கள் கடமையல்லாத வேலை அது. செய்ய வேண்டியவர்களைக் கேட்டுக்கொண்டே செய்தோம். இந்த வருட வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. செங்கற்கள் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கின்றன. பிளாஸ்டிக் பை பரணில் இருக்கிறது. அதில் இப்போது அந்த அளவு நோட்டும் இருக்கிறது.